கப்பலின் உள்ளறையை மரத்தில் சிறிதாகச் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் மாடல் செய்வதும் இதுவும் ஒன்றுதானே?

பாதிதான் ஒன்று. வழக்கமான கப்பல் மாடலில் உழைப்பெல்லாம் வெளிப்பக்கம் போகும்: உடல், பாய்மரம், நூற்றுக்கணக்கான கயிறுகள். உள்ளே வெறும் குறுக்குப் பலகைகள் நிற்கும், மூடிய பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. இங்கே பாய்மரம் பெரும்பாலும் வராது. வந்தாலும் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் தடித்த தூணாக மட்டும் வரும். தளம், உத்தரம், தடுப்புச்சுவர், ஏணி, மேசை, தொங்கு படுக்கை, விளக்கு இவைதான் நம் வேலை.

ஆசை புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்தில் கடற்படை வாரியத்து மாடல்கள் என்று ஒரு வகை இருந்தது. உடலின் கீழ்ப்பாதியில் பலகை ஒட்டாமல் விலா எலும்புகளை, அதாவது உடலைத் தாங்கும் வளைசட்டங்களை, வெளியே தெரிய விட்டுவிடுவார்கள். தளத்திலும் சில இடங்களைத் திறந்தே வைப்பார்கள். அவற்றில் பல 1/48 அளவில் செய்யப்பட்டவை. இன்றும் தீவிர மாடல்காரர்கள் பலர் அந்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் முயற்சிக்கு எதை எடுப்பது?

ஒரே ஓர் அறை. அகலக்கால் வைக்காதீர்கள். முழுக் கப்பலையும் நெடுக்காக அறுத்துக் காட்டும் மாடலைப் பார்த்து மயங்கி, அதையே முதலில் தொடங்குகிறவர்கள் பலர். கீழ்த்தளம் முடிவதற்குள் ஆர்வமும் முடிந்துவிடும்.

நான் சொல்வது இதுதான்: பாய்மரக் கப்பலில் இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே மாலுமிகள் உண்டு உறங்கிய இடம். மேலே நாலைந்து உத்தரங்கள், ஒரு பக்கச் சுவர், கயிற்றில் தொங்கும் ஒரு மேசை, இரண்டு பலகை இருக்கைகள், ஒரு பீரங்கி. அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் கப்பல் தச்சின் அடிப்படைகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். தளபதியின் அறை பார்க்க அழகுதான். பின்புறக் கண்ணாடிச் சன்னல் வரிசை ஒன்றே ஒரு தனி மாடலுக்குரிய வேலை வாங்கும், அதனால் அது இரண்டாவதாக வரட்டும்.

எந்த அளவுவிகிதம் சரி?

உள்ளே என்ன காட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 170 செ.மீ. உயரமுள்ள ஆள் 1/48-ல் 35 மி.மீ. நிற்பான். 1/24-ல் 71 மி.மீ., 1/12-ல் 142 மி.மீ. எட்டு செ.மீ. உயரக் குவளை ஒன்று 1/48-ல் 1.7 மி.மீ. ஆகிவிடும். அது குவளையா கடுகா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதே குவளை 1/12-ல் ஏறக்குறைய 7 மி.மீ. இருக்கும், கைப்பிடி வைக்கலாம், விளிம்பைக் குடையலாம்.

இடத்தையும் பாருங்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பலான எச்.எம்.எஸ். விக்டரியின் பீரங்கித் தளம் 186 அடி, அதாவது 56.7 மீட்டர். 1/48-ல் அது 1.18 மீட்டர், ஒரு மேசையில் அடங்கும். 1/12-ல் 4.7 மீட்டர், வீட்டில் நீங்கள் குடியிருக்க இடம் இருக்காது. ஒற்றை அறைக்கு 1/24 நடுவாந்தரமான, கைக்கு இதமான அளவு. பொம்மை வீட்டுக்காரர்கள் 1/12 வைத்துக்கொள்வதால் அந்த அளவில் தயார் கீல், பூட்டு, பீங்கான் தட்டு எல்லாம் கிடைக்கும். அந்த வசதிக்காகவே சிலர் அங்கே போகிறார்கள்.

வரைபடம் எங்கிருந்து பிடிப்பது? எந்தப் படம் வேண்டும்?

பெரும்பாலான கப்பல் வரைபடங்களில் மூன்று காட்சிகள் இருக்கும்: பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் பாதி அகலம், குறுக்குவெட்டு வளைவுகள். வெளியுடல் செய்ய இவை போதும். நமக்கு வேண்டியது வேறு இரண்டு: கப்பலை நடுக்கோட்டில் பிளந்து உட்பக்கத்தைக் காட்டும் நெடுக்குவெட்டுப் படமும், ஒவ்வொரு தளத்துக்குமான தளவரைபடமும். இந்த இரண்டும் இல்லாத கப்பலைத் தேர்ந்தால் பாதிக்கு மேல் கற்பனையாகத்தான் முடியும்.

கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பழைய கப்பல் வரைபடங்களின் மிகப் பெரிய தொகுப்பு இருக்கிறது. இன்றும் உள்ளே நடந்து பார்க்கக்கூடிய கப்பல்களும் உண்டு: போர்ட்ஸ்மத்தில் விக்டரி, பாஸ்டனில் 1797-ல் நீரில் இறங்கிய கான்ஸ்டிடியூஷன், கிரீனிச்சில் 1869-ல் கட்டிய கட்டி சார்க். ஸ்டாக்ஹோமில் வாசா இருக்கிறது. 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-ல் தூக்கி எடுக்கப்பட்டது அது. அந்தக் கப்பலுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. உள்ளே எப்படி இருந்தது என்று காட்ட அருங்காட்சியகத்திலேயே ஒரு தளத்தின் பகுதியை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆண்டைக் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். விக்டரி 1765-ல் நீரில் இறங்கியது. 1800-க்கும் 1803-க்கும் இடையில் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்டபோது பின்புறத் தோற்றமே மாறிவிட்டது. 1765 வரைபடத்தில் சுவர் எழுப்பி 1805 நாற்காலியைப் போட்டால் விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது?

மரத்தைத் தொடுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது. பார்ப்பவர் கண் எங்கே நிற்கும்?

கூரையைக் கழற்றி மேலிருந்து காட்டுவது சுலபம், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கப்பல் அறையின் உயிரே தலைக்கு மேல் ஓடும் உத்தரங்கள்தான். அவற்றைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஏதோ ஒரு பழைய வீட்டின் தரை. ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் காட்டலாம். எனக்குப் பிடித்தது குறுக்காக அறுத்து, அறையை நெடுக்காகப் பார்க்க விடுவது. வெட்டுமுகத்தில் தளத்தின் தடிமன், விலா எலும்பு, உள்பலகை, வெளிப்பலகை எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். அதைத் தாண்டிக் கண் உள்ளே போகும்.

கண் நிற்கும் இடம் உறுதியானதும் ஓர் அட்டைப்பெட்டியில் அதே அளவு துளை போட்டு, அட்டையிலேயே சுவர், மேசை, பீரங்கி என்று வெட்டி வைத்துப் பாருங்கள். மறைந்துபோகும் பொருட்கள் எவை என்று அப்போதே தெரிந்துவிடும். பீரங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பெட்டிக்குக் கீல் செய்து மெனக்கெட வேண்டியதில்லை. முடிந்த மாடலை உட்கார்ந்த கண் மட்டத்தில் வையுங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் அது பொம்மை. நேராகப் பார்த்தால்தான் உள்ளே நிற்பதுபோல் இருக்கும்.

எல்லாம் அளவாகச் செய்தும் என் அறை கப்பல் மாதிரி இல்லை, பெட்டி மாதிரி இருக்கிறது. ஏன்?

மூலைமட்டத்தை நம்பியதால். கப்பலுக்குள் நேர்கோடு அரிது, செங்கோணம் அதைவிட அரிது. மூன்று வளைவுகளைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

முதலாவது, தளத்தின் குறுக்கு வளைவு. தண்ணீர் இரு ஓரத்துக்கும் வடிய வேண்டும் என்பதால் தளம் நடுவில் உயர்ந்திருக்கும். பிற்காலக் கப்பல்களில் அகலத்தில் 50-ல் ஒரு பங்கு உயரம் என்பது வழக்கமான கணக்கு. 200 மி.மீ. அகல மாடலில் நடு மேடு 4 மி.மீ. வரும். கேட்க அற்பமாக இருக்கும். தலைக்கு மேல் ஆறு உத்தரங்கள் வரிசையாக அதே வளைவில் ஓடும்போது பாருங்கள், அறையின் முகமே மாறிவிடும்.

இதை ஒவ்வொரு உத்தரத்துக்கும் தனியாகக் கண்ணளவில் சீவக் கூடாது. ஒட்டுப்பலகையில் அகலக் கோடு போட்டு, இரு முனையிலும் நடு உயரத்திலும் ஊசி குத்துங்கள். மெல்லிய மரப்பட்டையை மூன்று ஊசியையும் தொட வளைத்து, அதன் ஓரமாகக் கோடு இழுத்து, ஒரே ஒரு அச்சு வெட்டுங்கள். ஒரு தளத்தின் எல்லா உத்தரங்களும் அந்த ஒரே அச்சிலிருந்துதான் வர வேண்டும். அணியத்தை (கப்பலின் முன்முனையை) நோக்கிப் போகப் போகக் கப்பல் குறுகும், உத்தரமும் குட்டையாகும், ஆனால் வளைவு அதேதான். குட்டை உத்தரத்தில் மேடு தானாகவே குறைந்து தெரியும். உண்மைக் கப்பல் தச்சர்களும் ஒரு தளத்துக்கு ஒரு அச்சு என்றுதான் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, நெடுக்கு வளைவு. தளம் நடுக்கப்பலில் தாழ்ந்து, அணியத்திலும் அமரத்திலும் (பின்முனையிலும்) மேலேறும். அதனால் கப்பலின் பின்கோடியில் இருக்கும் அறையின் தரை பின்பக்கம் நோக்கிச் சற்றே ஏறும். மேசையை அதன் மேல் வைத்தால் ஒரு நூல் முன்னால் சாயும். காலை வெட்டிச் சரிசெய்யாதீர்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் விளக்கு மட்டும் நேர் செங்குத்தாகத் தொங்கட்டும். தரைக்கும் அந்த விளக்குக் கம்பிக்கும் இடையே இருக்கும் அந்தச் சிறு கோண வித்தியாசத்தைப் பார்ப்பவர் கவனிக்க மாட்டார், ஆனால் கப்பலில் இருப்பதாக உணர்வார்.

மூன்றாவது, பக்கச் சுவரின் உள்சாய்வு. பழைய போர்க்கப்பல்களில் நீர்மட்டத்துக்கு மேலே உடல் உள்நோக்கி ஒடுங்கும். மேல்தளத்து அறைகளின் பக்கச் சுவர் உள்ளே சாய்ந்துதான் இருக்கும். அமரத்துச் சன்னல்களும் இதற்குத் தப்பாது. நடுச் சன்னல் மட்டுமே நேராக நிற்கும், ஓரத்துக்குப் போகப் போகச் செங்குத்துச் சட்டங்கள் நடுக்கோட்டைப் பார்த்துச் சாயும். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் குறுக்கு வளைவைப் பின்தொடரும். எட்டுச் சன்னலையும் ஒரே அளவில் வெட்டி வரிசையாக ஒட்டினால் அது பள்ளிக்கூடச் சுவர்.

எந்த மரம் வாங்குவது?

உண்மைக் கப்பல் ஓக் மரம் என்பதற்காக மாடலிலும் ஓக் போடாதீர்கள். ஓக்கின் துளைகள் பெரியவை. 1/48-ல் ஒவ்வொரு துளையும் மாலுமி கையை விடும் பொந்து போலத் தெரியும். மரத்தைச் சிறிதாக்கலாம், அதன் ரேகையைச் சிறிதாக்க முடியாது. எனவே ரேகை மிக நெருக்கமாக, துளை கண்ணுக்கே தெரியாமல் இருக்கும் மரம் தேவை. வெட்டுமுகத்தை வெறுங்கண்ணால் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் அதைப் பெரிய வேலைக்கு வைத்துவிடுங்கள்.

பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் அரசர்கள். விளிம்பு உதிராது, எவ்வளவு சிறிதாகச் செதுக்கினாலும் நிற்கும். செர்ரி, மேப்பிள் நல்லவை, மலிவும்கூட. வெளுத்த தளப்பலகைக்கு ஹோலி அல்லது மேப்பிள் பொருந்தும். பாஸ்வுட் மெத்தென்று கத்திக்கு இணங்கும், பழகுவதற்கு ஏற்றது, வர்ணம் பூசும் இடத்துக்கும் சரி. பால்சாவை மறந்துவிடுங்கள், நகம் பட்டாலே பள்ளம். வால்நட் நிறத்தில் மயக்கும், ஆனால் துளை கொஞ்சம் பெரிது. 1/12-ல் பரவாயில்லை. தேக்கில் எண்ணெய் அதிகம், பசை பிடிக்க வேண்டுமானால் ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

உத்தரமும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் முழங்கால் போல வளைந்த முட்டுக்கட்டை இருக்கும். அதைச் செய்யும்போது மர இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நிஜக் கப்பலுக்கு, கிளை பிரியும் இடத்தில் இயற்கையாகவே வளைந்த மரத்தைத் தேடி அறுத்தார்கள். இழையும் வளைவோடு சேர்ந்து திரும்பும், அதனால்தான் வலு. நேர் இழைப் பலகையில் அந்த வடிவத்தை வெட்டினால் ஒரு கரத்தில் இழை குறுக்காக விழுந்து, விரலால் அழுத்தும்போதே டிக் என்று ஒடியும். மூலைவிட்டமாக இழை ஓடும்படி வெட்டுங்கள். அல்லது மெல்லிய பட்டைகளை வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எடுங்கள்.

ஆரம்பத்தில் என்னென்ன கருவி வேண்டும்?

கூரான கத்தி, மாற்று அலகுகள், எஃகு அளவுகோல், சிறு மூலைமட்டம், மெல்லிய பல் ரம்பம், கைத்துரப்பணம், நான்கைந்து சிறு அரங்கள், இடுக்கி, துணி உலர்த்தும் கவ்விகள், 220 முதல் 600 வரை உப்புத்தாள், வெர்னியர் காலிப்பர். கடைசியாகச் சொன்னது ஆடம்பரம் அல்ல, தடிமனைக் கண்ணால் சொல்ல முடியாது. மேசை ரம்பமும் சிறு கடைசல் இயந்திரமும் பிறகு வரட்டும்.

உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்க்காமல் தட்டையான மரத்துண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுவிடும். உருண்ட ஓரம் பெரிய அளவுப் பொருளில் அழகு, சிற்றளவில் அது சோப்புக்கட்டி.

தளப்பலகை இடும்போது அந்தக் கறுப்புக் கோடு எப்படி வருகிறது?

நிஜத்தில் பலகைகளுக்கு இடையே சணல் நாரைத் திணித்து, மேலே கீலை (தார் போன்ற கறுப்புப் பிசினை) உருக்கி ஊற்றுவார்கள். இடைவெளி ஒரு செ.மீ. என்று வைத்தால் 1/48-ல் 0.2 மி.மீ. அதற்குக் கறுப்புத் தாள் சரியான தடிமன். பலகைகளை அடுக்கிக் கவ்வி, ஒரு பக்க ஓரம் முழுவதும் தாளை ஒட்டி, காய்ந்தபின் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கலாம். இன்னும் எளிதாக, ஓரத்தில் மென் பென்சிலை அழுத்தித் தேய்த்தாலும் கோடு வரும். ஃபெல்ட் பேனா வேண்டாம், மை மர இழைக்குள் ஊறிப் பரவும்.

25 செ.மீ. அகலப் பலகை 1/48-ல் 5 மி.மீ. இரண்டு பலகைகள் முட்டும் இணைப்பு எப்போதும் ஓர் உத்தரத்தின் நடுமேல்தான் விழ வேண்டும், காற்றில் தொங்கக் கூடாது. பக்கத்துப் பலகையின் இணைப்பு வேறு உத்தரத்துக்குப் போக வேண்டும். ஒரே உத்தரத்தில் அடுத்த இணைப்பு வருவதற்குள் குறைந்தது மூன்று பலகைகள் கடந்திருக்க வேண்டும் என்பது பழைய தச்சு முறை. இந்த ஒழுங்கை மீறிய தளம், காரணம் சொல்லத் தெரியாதவர் கண்ணுக்கும் உறுத்தும்.

மர ஆணிகளுக்கு மூங்கிலைப் போல எதுவும் இல்லை. நிஜ ஆணி ஒன்றரை அங்குலம் என்றால் 1/48-ல் முக்கால் மி.மீ. மூங்கிலைக் குச்சியாகப் பிளந்து, முனையைக் கூராக்கி, எஃகுத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சிறிய துளை வரை வரிசையாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் மெல்லிய சுருள் சீவல் உரிந்து தகட்டின் இந்தப் பக்கமே நின்றுவிடும், அந்தப் பக்கம் உருண்டையான கம்பி வரும். ஒரு துளையைத் தாண்டிக் குதித்தால் குச்சி அறுந்துபோகும். இழுத்த கம்பியைத் துளையில் ஒரு சொட்டுப் பசையோடு செருகி, மட்டமாக வெட்டித் தேய்த்தால் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளி மரத்தைவிட ஒரு சாயல்தான் அழுத்தமாக இருக்க வேண்டும். கறுப்புப் புள்ளிகள் போட்ட தளம் அம்மை வார்த்தது போலிருக்கும்.

பசை?

வெள்ளை பி.வி.ஏ. பசைதான் தொண்ணூறு விழுக்காடு வேலைக்கு. ஊசி முனையால் தொட்டு வையுங்கள், பிதுங்கியதை ஈரத் தூரிகையால் உடனே எடுங்கள். மரத்தில் ஊறிய பசை மேல் எண்ணெயோ சாயமோ பிடிக்காது, வெளுத்த திட்டாகக் காட்டிக்கொடுக்கும். தப்பாக ஒட்டியதை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தடவிக் காத்திருந்தால் பிரிக்கலாம்.

சயனோஅக்ரிலேட் உடனடிப் பசை உலோகத்துக்கும் நூல் முடிச்சுக்கும் நல்லது. சன்னல் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி கண்ணாடித் தகட்டில் வெண்புகையாகப் படியும். அறையை மூடிய பிறகு கவனித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளே என்னென்ன வைக்கலாம்? கற்பனையாக வைத்தால் தப்பா?

வைக்கலாம், கடல் அனுமதித்தால். கப்பலில் எந்தப் பொருளும் சும்மா நிற்காது. கட்டியிருக்கும், தொங்கும், அல்லது பள்ளத்தில் அமர்ந்திருக்கும். மேசை விளிம்பில் தட்டு வழுக்காமல் இருக்கச் சிறு தடுப்புச் சட்டம் எழும்பியிருக்கும். இழுப்பறை தானாகத் திறக்காதபடி கொக்கி இருக்கும். பீரங்கித் தளத்தில் உணவு மேசையின் ஒரு முனை கப்பல் சுவரில் மாட்டி, மறுமுனை கயிற்றில் உத்தரத்திலிருந்து தொங்கும். போருக்குத் தயாராகும்போது எல்லாம் ஓரங்கட்டப்படும். தடுப்புச்சுவர்களும் அப்படியே, கழற்றவோ மேலே மடித்து மாட்டவோ தக்கபடி செய்தவை. உங்கள் சுவரில் அந்தக் கீலும் கொக்கியும் தெரிந்தால் போதும், பார்ப்பவருக்குக் கதை புரிந்துவிடும்.

தொங்கு படுக்கைக்கு ஒரு கணக்கு: பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு மாலுமிக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம், அதாவது 35.6 செ.மீ. பாதிப் பேர் காவலில் இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 1/24-ல் அது 15 மி.மீ. அந்த இடைவெளியில் கொக்கிகளை அடித்து வரிசையாகப் படுக்கை கட்டிப் பாருங்கள். நெருக்கம் என்றால் என்ன என்று எந்த எழுத்தும் இப்படிச் சொல்லாது. துணிக்குப் பழைய மெல்லிய பருத்தி வேட்டித் துணி போல் எதுவும் மடியாது. நீர்த்த பி.வி.ஏ.-யில் நனைத்து, உள்ளே ஓர் உருண்டைக் குச்சியை வைத்துத் தொங்கவிட்டால் ஆள் படுத்த கனத்தோடு காயும்.

விக்டரியின் பெரிய அறையைச் செய்கிறவர்கள் தரையைக் கவனிக்க வேண்டும். அங்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டிய கித்தான் விரித்திருக்கிறது, பலகைத் தரை தெரியாது. மெல்லிய துணியில் தீட்டி ஒட்டுங்கள். காகிதத்தில் அச்சடித்தால் மடிப்பில் பொய் தெரியும்.

வெடிமருந்து அறை செய்ய ஆசை. அங்கே விளக்கு எப்படி இருந்தது?

அருமையான தேர்வு, அதிகம் பேர் தொடுவதில்லை. வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் சுடர் போகவே கூடாது. எனவே பக்கத்தில் தனியாக ஒரு விளக்கறை. அதற்கு வேறு வழியாக நுழைவார்கள். இரண்டுக்கும் நடுவே கண்ணாடி, அதன் வழியே வெளிச்சம் மட்டும் இந்தப் பக்கம் வரும். தீப்பொறி எழாதபடி இரும்புக்குப் பதில் செம்பு. மாடலுக்கு இது வரப்பிரசாதம்: பல்பு விளக்கறையில் மறைந்திருக்கும், பழுதானால் அந்தப் பக்கமாகவே கை விட்டு மாற்றலாம், மருந்தறையில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது வரலாற்றுப்படியே சரியாக இருக்கும்.

மற்ற அறைகளுக்கு மின்விளக்கு போடுவது எப்படி?

0402 வகைச் சிறு எல்.இ.டி., எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி. மஞ்சள் சாயலுள்ள வெண்மை, 2700 கெல்வின் அளவு, எடுங்கள். நீலச் சாயல் வெள்ளை வந்தால் 18-ஆம் நூற்றாண்டு கலைந்துபோகும். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி மின்தடை வையுங்கள். 12 வோல்ட் மின்வழங்கியில் எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்தால் மீதி 9 வோல்ட். 3 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 9-ஐ 0.003-ஆல் வகுக்க 3000 ஓம். சிற்றறைக்கு 3 மில்லி ஆம்பியரே தாராளம். முதலில் எல்லோரும் அளவுக்கு மீறி வெளிச்சம் போடுவார்கள். மெழுகுவர்த்தி விளக்கில் மூலைகள் இருட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

கம்பியை உத்தரத்தின் மேல்முகத்தில் பள்ளம் வெட்டி ஓட்டுங்கள். மேல்தளத்தில் ஒரு பலகைத் தொகுதியை மட்டும் ஒட்டாமல் செருகி வையுங்கள், பழுது பார்க்க வழி வேண்டும்.

டைட்டானிக்கின் பெரிய படிக்கட்டைச் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் அது தச்சு வேலையைவிடச் செதுக்கு வேலை. ஓக் மரப் பலகையடிப்பும் பூவேலை இரும்புக் கிராதியும் சேர்ந்தது. ஆதாரமாகச் சுற்றும் பழைய படங்களில் பெரும்பாலானவை அதன் இரட்டைக் கப்பலான ஒலிம்பிக்கில் எடுத்தவை. ஒலிம்பிக்கை உடைத்தபோது அதன் உள்ளலங்காரம் விற்கப்பட்டது. இங்கிலாந்தின் ஆல்னிக் நகரத்து வொயிட் ஸ்வான் விடுதியில் அந்தப் பலகைவேலையின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. நுணுக்கத்தை நெருக்கமாகப் பார்க்க அங்கே எடுத்த படங்களே பயன்படும். கிராதியை மரத்தில் செய்ய முயலாதீர்கள், அரிப்பு (எட்சிங்) முறையில் செய்த மெல்லிய பித்தளைத் தகடு வேண்டும். இந்தக் கப்பல்களிலும் தளவளைவு உண்டு, படிக்கட்டின் அடி அதன் மேல்தான் உட்காரும்.

லேசரில் வெட்டிய பாகங்களை வாங்குவது ஏமாற்றா?

இல்லை. ஆனால் லேசர் கருக்கிய ஓரத்தைத் தேய்த்து எடுங்கள். கரி மேல் பசை சரியாகப் பிடிக்காது, எண்ணெய் பூசியதும் கறுப்புக் கோடாக எழும்பும்.

மேல்பூச்சு?

மெருகு ஏறக் கூடாது, அவ்வளவுதான். நீர்த்த ஷெல்லாக் இரண்டு பூச்சு, பிறகு மெல்லிய எஃகுப் பஞ்சால் ஒரு தடவல். டங் எண்ணெயோ டேனிஷ் எண்ணெயோ நிறத்தை ஆழமாக்கும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய்களும் ஆளி விதை எண்ணெயும் காயும்போது சூடாகித் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

பழமை காட்டுவதில் கஞ்சத்தனம் நல்லது. போர்க்கப்பல் தளத்தைத் தினமும் தேய்த்துக் கழுவினார்கள், அது அழுக்கு மண்டபம் அல்ல. தேய்மானம் கால் படும் இடத்தில் மட்டும் இருக்கட்டும்: ஏணிப் படியின் நடு, கதவுப் பிடி, இருக்கையின் முன்விளிம்பு.

மரத்தூள் பற்றிப் பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், முகக்கவசம் வேண்டும். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சிறு மாடல் வேலையில் வரும் தூள் மிக நுண்ணியது, காற்றில் அதிக நேரம் மிதக்கும். எபனி, ரோஸ்வுட் போன்றவை பலருக்குத் தோல் அரிப்பும் மூக்கடைப்பும் தரும். என்95 கவசம், தூள் உறிஞ்சி, வேலை முடிந்ததும் ஈரத் துணி. ஊதித் துடைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

முடிந்த மாடலை எப்படிப் பாதுகாப்பது?

மூடிய கண்ணாடிப் பெட்டி. திறந்து வைத்தால் உள்ளறையில் படியும் தூசியை எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது, குவளையும் சேர்ந்து வந்துவிடும். அறை ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிலையாக இருந்தால் நல்லது. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். எனவே அகலமான தளத்தை நான்கு புறமும் இறுக்கி ஒட்டாமல் ஒரு பக்கம் நழுவ விடுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம்.

பெட்டியை ஓக் மரத்தில் செய்யக் கூடாது. ஓக் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் ஈயத்தில் வார்த்த பீரங்கி, நங்கூரம், தட்டுகள் மேல் வெள்ளைப் பொடி பூத்து உதிரத் தொடங்கும். பல பழைய மாடல்களின் ஈயப் பாகங்கள் இப்படித்தான் அழிந்திருக்கின்றன. சிறு பாகங்களுக்கு ஈயத்துக்குப் பதில் பித்தளையோ ஈயம் கலக்காத வெள்ளீயமோ போடுங்கள். பெட்டியின் அடிப்பலகையில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு காற்றுத்துளை விட்டு, தூசி போகாமல் மெல்லிய துணி ஒட்டிவிடுங்கள்.